கறையோடு ஒரு பல்

விஜயகுமாரியின் முன்பல்லை உடைத்தது பல்லடம் போகிற ஒரு தனியார் பஸ். முன்னால் போகிறவனை முந்தாவிட்டால் மூச்சே நின்றுவிடும் என்கிற மாதிரி பறந்த டிரைவர், குறுக்கே வந்த டெம்போவைப் பார்த்ததும் பிரேக்கை ஏறி மிதித்தான். அவள் முகம் முன்சீட்டுக் கம்பியில் மோதி, மேல்வரிசை நடுப்பல் பாதியாகிக் கையில் வந்து விழுந்தது. ரத்தம் ஒழுகுகிற வாயோடு டிரைவரையும் கண்டக்டரையும் அவள் வாங்கு வாங்கென்று வாங்கியதில், அதற்கப்புறம் பல்லடம் வரைக்கும் அந்த பஸ் ரொம்பப் பதவிசாகப் போனது.

ஆள் இப்படித்தான். அருள்புரத்தில் திருமூர்த்தியின் பனியன் கம்பெனியில் அவளுக்கு ‘ஷேடு விஜயா’ என்று பேர். சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணியின் நிறம், பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் கொடுத்த மாதிரித் துண்டோடு சேருகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் லாரி வந்த வழியே திரும்பிப் போகும். முதலாளியே வந்து, “கொஞ்சம் பாத்து விடம்மிணி” என்றாலும் விடமாட்டாள். அந்தக் குணத்துக்காகத்தான் திருமூர்த்தி அவளை வைத்திருந்தார். அந்தக் குணத்துக்காகவே அவ்வப்போது திட்டியும் தீர்த்தார்.

அவள் பல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அது வெள்ளை இல்லை. அவள் பிறந்தது தெற்கே ஒரு கரிசல் ஊர். ஊருக்கே ஒரு ஆழ்குழாய், அந்தத் தண்ணீரில் ஃப்ளூரைடு. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல் மஞ்சளாக முளைத்து, மேலே பழுப்புத் திட்டும் விழுந்துவிடும். தேய்த்தால் போகிற அழுக்கல்ல அது, பல்லோடு சேர்ந்தே வளர்ந்த நிறம். அவள் புருஷன் ஜெயபாண்டிக்கும் அதே ஊர், அதே பல்.

கல்யாணமான கையோடு திருப்பூர் வந்து அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்தவள், “ஏனுங்க, நீங்க பல்லு வெளக்கறதே இல்லீங்களா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டதுதான் அவளைக் கொன்றுவிட்டது. கரி, உப்பு, செங்கல் பொடி என்று எதையெதையோ வைத்துத் தேய்த்தாள். ஈறு கிழிந்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து சிரித்தால் வாயில் கை, பேசினால் வாயில் கை. ஊர் கொட்டாவிக்கு மட்டும் வைக்கிற கையை அவள் எல்லாவற்றுக்கும் வைத்தாள்.

அந்தக் கை இறங்கியது யார் சொன்ன அறிவுரையாலும் அல்ல. தையல் லைனுக்கு அவளை சூப்பர்வைசராகப் போட்டார்கள். அத்தனை மிஷினும் ஓடுகிற சத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினால் யாருக்குக் கேட்கும்? கையை எடுத்துவிட்டுக் கத்தினாள். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. தன் வாய் தன்னுடையது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்கப்புறம் அவள் யாருக்காகவும் அதை மூடியதில்லை.

உடைந்த பல்லைப் பார்க்கத் திருமூர்த்தி தன் மகளிடமே அனுப்பினார். தமிழ்மதி படிப்பை முடித்துப் பல்லடத்தில் புதிதாக கிளினிக் போட்டிருந்தாள். நல்ல பெண், கையும் சுத்தம். வலிக்காமல் வேர் சிகிச்சையை முடித்துவிட்டு, உறை போடுகிற பேச்சை எடுத்தாள்.

“அக்கா, உள்ள மெல்லிசா உலோகம், மேல பீங்கான். அதைத்தான் போடப் போறோம். உடைஞ்சது ஒண்ணுதாங்க. ஆனா முன்னாடி தெரியற ஆறுக்கும் சேத்திப் போட்டுட்டா, நல்லா வெள்ளையா, ஒரே சீரா இருக்கும். அப்பாவும் அதைத்தான் சொன்னாருங்க. அடுத்த மாசம் பையர் வர்றப்ப நீங்கதானே முன்னாடி நிக்கப் போறீங்க.”

அது உண்மை. இத்தனை வருஷமும் அவள் பார்த்துச் சொன்னதை வேறு யாராவது மடிப்புக் கலையாத சட்டையோடு உள்ளே போய்ச் சொல்வார்கள். இந்தத் தடவை, “நீயே நின்னு சொல்லம்மிணி” என்றிருந்தார் திருமூர்த்தி. அந்த ஒரு வார்த்தையில் விஜயகுமாரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

“மத்த அஞ்சும் நல்லாத்தான இருக்கு?” என்று கேட்டாள்.

“நல்லாத்தானுங்க இருக்குது. ஒரு சொத்தை கிடையாது. சுத்தியும் கொஞ்சம் ராவிட்டு மேல உறை மாட்டோணும்.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

தமிழ்மதிக்குப் பொய் சொல்ல வராது. மேஜையிலிருந்த மாதிரிப் பல்வரிசையை எடுத்துக் காட்டினாள். ராவிய பல் சின்ன முளைக்குச்சி மாதிரி நின்றது. விஜயகுமாரி அதையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

“கண்ணு, ஒடஞ்சது ஒண்ணு. எனக்கு ஒண்ணு போதும். அதுவும் பக்கத்துப் பல்லு நெறத்துலயே வேணும். கறையோட.”

“கறையோடவா?”

“ரெண்டு பக்கமும் இருக்குல்ல. நடுவுல மட்டும் எங்க போச்சுன்னு கேக்க மாட்டாகளா?”

அரை மணி நேரம் பேசிப் பார்த்தும் அவள் மசியவில்லை. கடைசியில் தமிழ்மதி பெருமூச்சு விட்டுக்கொண்டு நிறம் பார்க்கிற பல்வரிசையை எடுத்தாள். வெள்ளையிலிருந்து மஞ்சள் வரைக்கும் வரிசையாகக் குத்திவைத்த பீங்கான் பற்கள். விஜயகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நம்ம ஷேடு கார்டு. அதுவரைக்கும் நோயாளியாக உட்கார்ந்திருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். இனிமேல் நடந்ததற்கெல்லாம் அந்த நிமிர்வுதான் காரணம்.

“வாயைத் தொறங்கக்கா. பல்லு காயறதுக்குள்ள பாத்துரோணும்.”

“இரு, இரு. ஈரத்துலயா ஷேடு பாக்கப் போற?”

“ஆமாங்க. வாய்ல பல்லு எப்பவும் ஈரமாத்தானே இருக்கும்.”

“ஈரத்துல எல்லாமே அழுத்தமாத் தெரியும், கண்ணு. ஏமாத்திப்புடும். எங்க கம்பெனில துண்ட அயர்ன் போட்டு, ஆறவெச்சு, அப்பறந்தான் லைட் பாக்ஸ்ல வெப்போம். ஈரத்தோட கொண்டாந்தா நான் தொடவே மாட்டேன்.”

“அது துணிங்க்கா. இது பல்லு. காஞ்சா பல்லு வெளுத்துப் போயிரும்.”

“நெறம்னா நெறந்தான். இருவது வருசமா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

தமிழ்மதி மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, “சரிங்க்கா, உங்க இஷ்டம்” என்று விட்டுவிட்டாள். உதட்டை விலக்கிப் பஞ்சை அடைத்து, காற்றை ஊதி ஊதிக் காயவைத்தாள். கழுத்து வலிக்கிற வரைக்கும் விஜயகுமாரி வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். கண்ணாடியைத் தானே பிடித்துக்கொண்டு, பல்வரிசையில் ஒன்றை விரலால் தொட்டு, இது என்று காட்டினாள். அந்தக் கணக்குக்கே லேபுக்குப் போயிற்று.

உறை வந்து மாட்டியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தே வைத்திருந்ததில் மற்ற பற்களும் காய்ந்து வெளுத்திருந்தன அல்லவா, புதுப் பல் அவற்றோடு அச்சாகச் சேர்ந்துகொண்டது. கறையை லேசாகத் தொட்டுவைத்திருந்தார்கள். “பாத்தியா?” என்று கேட்டாள் விஜயகுமாரி. தமிழ்மதி, “இப்போதைக்குக் கழட்டற மாதிரி பசைலதான் ஒட்டியிருக்கறனுங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு வாங்க” என்று அனுப்பினாள்.

மங்கலம் ரோட்டு வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஜெயபாண்டி டீ குடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“என்ன விஜயா, நடுவுல மட்டும் டியூப்லைட்டு மாட்டிவிட்டாப்ல இருக்கு?”

கண்ணாடிக்கு ஓடினாள். மற்ற பற்கள் ஈரம் ஏறிப் பழைய நிறத்துக்கு வந்திருந்தன. நடுவில் அது ஒன்று மட்டும் யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி பளீரென்று நின்றது. அவள் நாக்கால் தடவிப் பார்த்தாள், தண்ணீர் ஊற்றிக் கொப்புளித்துப் பார்த்தாள். ம்ஹூம். அந்தப் பெண் சொன்னதுதான் சரி. தன் வாய்க்கொழுப்புத்தான் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் கம்பெனியில் செக்கிங் டேபிள் பெண்கள் விடுவார்களா. “விஜயாக்கா, அந்த ஒண்ணுக்கு மட்டும் ஆப்டிக்கல் ஒயிட் போட்டாங்களா?” என்று துணியைப் பளீரென்று வெளுப்பாக்குகிற மருந்தை வைத்து ஒருத்தி கேட்க, டேபிளே சிரித்தது. இன்னொருத்தி வாயில் இப்படி ஒன்று வந்திருந்தால் இதே கேலியை விஜயகுமாரிதான் முதலில் செய்திருப்பாள். அவளும் சிரித்துவைத்தாள். மத்தியானம் சாயப்பட்டறை லாரி வந்தது. துணியைப் பார்த்துவிட்டு, சேரவில்லை, திருப்பிக் கொண்டுபோ என்றாள். “என்னக்கா சொல்றீங்க? ஒண்ணும் கேக்கல” என்றான் டிரைவர். அப்போதுதான் பார்த்தாள், கை வாயில் இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, தன் மேலேயே வந்தது. அத்தனை வருஷத்துக்கு முன்னால் எடுத்துப்போட்ட கை, சொல்லாமல் கொள்ளாமல் பழைய இடத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டதே. மஞ்சள் பல்லுக்கு வராத வெட்கம் ஒரு வெள்ளைப் பல்லால் வந்துவிட்டது.

சாயங்காலம் திருமூர்த்தி கூப்பிட்டார். வாயைப் பார்த்தார்.

“பாத்தியா அம்மிணி? இனி மத்த அஞ்சையும் அதுக்குச் சேத்திப் போட்டாத்தான் சரியாகும். மதிகிட்டச் சொல்லீட்டேன். செவ்வாய்க்கெழம போயிரு.”

அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. தப்பு அவளுடையதாயிற்றே, எந்த முகத்தோடு பேசுவது? ஜெயபாண்டியும் அதையே சொன்னான். “போட்டுக்கயேன். எல்லாரும் உன் நல்லதுக்குத்தான சொல்றாக. பழைய பல்லுக்கு ஊட்ல நான் ஒருத்தன் இருக்கேன்ல, அடையாளத்துக்கு.” அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போனாள். திருமூர்த்தியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். தமிழ்மதி மார்பில் துண்டைப் போட்டு, நாற்காலியைச் சாய்த்து, மரத்துப்போகிற ஊசியை எடுத்தாள். விஜயகுமாரி நாக்கால் அந்த ஐந்து பல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். கரும்பு கடித்த பல். நூலை அறுத்த பல். இத்தனை காலத்தில் ஒரு நாள் வலி என்று படுக்கவைத்ததில்லை. கூடவே இருந்து உழைத்ததைத் தவிர அவை செய்த குற்றம் என்ன?

“கண்ணு, ஊசியக் கீழ வை.”

“பயமா இருக்குதுங்களா? வலிக்காதுங்க்கா.”

“பயமெல்லாம் இல்ல. எனக்கு வேண்டாம்.” எழுந்து உட்கார்ந்தாள். “தப்பு என்னோடதுதான். காயவெச்சுப் பாக்கச் சொன்னது நான். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. இத யாருகிட்ட வேணும்னாலும் சொல்லு. ஆனா அதுக்காக நல்ல பல்லு அஞ்ச ராவிக் குடுக்க மாட்டேன். தப்பா வந்தது எதுவோ அத மாத்து.”

திருமூர்த்தி எழுந்து வந்தார். “ஏனம்மிணி, உனக்குக் கெட்டதா செய்யறோம்?”

“இல்லீங்க முதலாளி. நீங்களே சொல்லுங்க. ஒரு லாட்டு ஷேடு மாறி வந்துட்டா அதத்தான திருப்பி அனுப்புவோம்? சரியா வந்த அஞ்சு லாட்டையும் அதுக்குத் தக்கன சாயத்துல முக்குவமா?”

“துணியும் பல்லும் ஒண்ணா? அப்பிடிச் சொல்லித்தான அன்னிக்கு மாட்டிக்கிட்ட?”

சரியான இடத்தில் பிடித்துவிட்டார். தமிழ்மதி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். விஜயகுமாரி அசரவில்லை.

“ஒண்ணு இல்லீங்க. துணி போனா மிஷின்ல வேற துணி ஓட்டிக்கலாம். ராவுன பல்லு மறுபடி மொளைக்குமா?”

அவர் குரலைத் தணித்தார். “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வெளிநாட்டுலருந்து வர்றவங்க. பாத்தா என்ன நெனைப்பாங்க?”

“கறைப் பல்லுக்காரின்னு நெனப்பாக. நெனச்சுட்டுப் போகட்டும். எங்க ஊர்ல குடிக்க அந்தத் தண்ணி ஒண்ணுதான் இருந்துச்சு, அதக் குடிச்சுத்தான் உசுரோட இருக்கேன். இதுல நான் வெக்கப்பட என்ன இருக்கு? பட்டதெல்லாம் போதும் முதலாளி. இந்த ஒரு வாரமா மறுபடி வாயப் பொத்திக்கிட்டுத் திரியறேன். என்னால முடியல.”

திருமூர்த்தி சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

“சரி. அப்ப பையர் வர்றப்ப எம் பையன் ரித்தீஷ் நிக்கட்டும்.”

இத்தனை வருஷம் கழித்து அவளுக்குக் கிடைத்த இடம் அது. ஆனாலும், “நிக்கட்டுங்க” என்றாள். அவர் போய்விட்டார்.

தமிழ்மதி ஊசியைத் தட்டில் வைத்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, “அக்கா, நானும் ஒண்ணு சொல்லோணும்” என்றாள். “அன்னிக்கு உங்களை இன்னும் அழுத்தித் தடுத்திருக்கலாம். வெள்ளையா வந்துட்டா நீங்களே ஆறுக்கும் ஒத்துக்குவீங்கன்னு நெனச்சு விட்டுட்டனுங்க.”

விஜயகுமாரி அவளை முறைத்தாள். ஸ்கூல் யூனிஃபார்மில் கம்பெனிக்கு வந்து கட்பீஸ் பொறுக்கிக்கொண்டு போன குட்டி, இன்றைக்கு இவளையே சாய்க்கப் பார்த்திருக்கிறது. கோபம் பொங்கத்தான் செய்தது. ஆனால் ஒத்துக்கொண்டதே, அதற்கு மேல் என்ன செய்வது?

“வெவரமான புள்ளதான். சரி, இந்தப் பல்லச் செஞ்ச ஆளக் கூப்பிடு. இந்தத் தடவ நான் வாயே தொறக்கல, அதாவது பேச மாட்டேன்.”

லேபிலிருந்து முனீஸ் வந்தான். முப்பது வயசுக்காரன், அவனும் தெற்கத்தி ஆள்தான். நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். தண்ணீரால் வாயைக் கொப்புளிக்கவைத்து, ஈரத்தோடு ஈரமாக நிறத்தைப் பார்த்தார்கள். கொஞ்சம் காய்ந்தாலும் தமிழ்மதி மூடச் சொல்லிவிடுவாள், நாக்கால் ஒரு தடவை தடவிக்கொண்டு அவள் மறுபடி திறப்பாள்.

“யக்கா, இதுக்கு மேலயே கறையப் பூசிக் குடுத்துரலாம். ஆனா நாளாக நாளாகத் தேஞ்சு போயிரும்” என்றான் முனீஸ். “உள்ள உலோகம் இருக்கா, அதோட கருப்ப மறைக்க ஒரு வெள்ள அடிச்சுட்டுத்தான் நெறம் ஏத்தணும். நான் புதுசாவே செய்யிறேன். கறைய உள்ளுக்குள்ளயே வெச்சு, மேல பீங்கானக் குடுத்துச் சுட்டுருதேன். அப்பத்தான் நெசமாத் தெரியும்.” பிறகு சிரித்தான். “எல்லாரும் பால் வெள்ளையாத்தான் கேப்பாக. கறை வேணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். இந்தா, இந்த எடப்பக்கத் திட்டு, இதுவும் வேணுமா?”

பேச மாட்டேன் என்றவள் தலையை மட்டும் ஆட்டினாள். எல்லாம் வேணும்.

அவன் ஒரு காகிதத்தில் திட்டுகளை வரைந்துகொண்டான். எங்கே மஞ்சள், எங்கே பழுப்பு, எங்கே சுண்ணாம்புக் கீற்று என்று இரண்டு பேரும் அவள் வாய்க்குள் எட்டி எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். முகம் சுளிக்கவில்லை, பாவப்படவும் இல்லை. அவள் இத்தனை வருஷம் செங்கல் பொடி போட்டு அழிக்கப் பார்த்ததை, ஒரு புள்ளி விட்டுப்போகாமல் எடுத்துக்கொண்டார்கள். வாயைப் பிளந்தபடியே அவளுக்குக் கண் கலங்கியது. ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்று நினைத்துத் தமிழ்மதி திரையை இழுத்துவிட்டாள்.

புதுப் பல் வந்தது. ஈரத்திலும் சேர்ந்தது, வெயிலிலும் சேர்ந்தது, வீட்டு பல்பு வெளிச்சத்திலும் சேர்ந்தது. ஜெயபாண்டி அவள் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எது ஒடஞ்சது, எது நல்லது? நீயே சொல்லிரு” என்றான். அவளுக்கு அது போதும். ஆனால் பையர் வருகிற நாள் நெருங்க நெருங்க நெஞ்சில் ஒரு முள் நெருடிக்கொண்டேதான் இருந்தது. ரித்தீஷ் ஷேடு ரூமில் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

பையர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது திருமூர்த்தி டேபிளுக்கு வந்தார். அவளுடைய வாயை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் துணியை எடுத்து விரலால் நிமிண்டிக்கொண்டே பேசினார்.

“அம்மிணி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஒண்ணு செய்யலாம். நாளைக்கு நீயே முன்னாடி நில்லு. துணிய எடுத்துக் காட்டு. பேசறத ரித்தீஷ் பேசிக்கட்டும். நீ வாயை மட்டும் தொறக்காம சும்மா நின்னாப் போதும்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பாள். இப்போது துணியைக் கீழே வைத்துவிட்டு, அவரை நேராகப் பார்த்தாள்.

“வாய மூடிக்கிட்டு நிக்கிறதுக்கு ஜவுளிக்கடைப் பொம்மை இருக்குங்க முதலாளி, அதக் கொண்டாந்து நிறுத்துங்க. நான் வந்தா பேசுவேன். பேசுனா பல்லு தெரியும். சிரிப்பு வந்தா சிரிப்பேன், அப்ப இன்னும் நல்லாவே தெரியும். வரணுமா வேண்டாமான்னு இப்பவே சொல்லிருங்க. எனக்கு வேலை கெடக்கு.”

பக்கத்து டேபிளில் கத்திரிக்கோல்கள் நின்றுவிட்டன. திருமூர்த்தி கையிலிருந்த துண்டை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.

“காலைல நேரத்துல வந்துரு. பேசறத நீயே பேசிக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.